சுமோ தெரியாமல் சுமோ பார்க்கப் போனால்

கேள்வி சுருக்கமாக இதுதான். டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு டோக்கியோவில் இருப்பீர்கள். டிவியில் வரும் பெரிய சுமோ அந்த மாதம் கிடையாது. ரியோகோகு பகுதியில் அமெச்சூர்களுக்கான தேசியப் போட்டி நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘குண்டான ரெண்டு பேர் கோவணம் கட்டிக்கொண்டு முட்டிக்கொள்வார்கள், அதற்கு மேல் சுமோ பற்றி எதுவும் தெரியாது, ஒன்பது வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போனால் அரை நாள் வீணாகிவிடுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: களத்தில் இறங்குகிறவர்களின் அப்பா அம்மாவும் கல்லூரி நண்பர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், சம்பந்தமே இல்லாத நாம் போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்குமா? எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதலாவது தானே தீர்ந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கல்லூரி நாளில் ஜூடோ ஆடினேன். வேலைக்காக டோக்கியோ வந்தபின் நாலு வருடம், ஞாயிறு காலைகளில், எங்கள் பகுதியிலுள்ள ஒரு சிறிய சுமோ குழுவில் பயிற்சி எடுத்தேன். வட்டாரப் போட்டிகளில் ஆறு தடவை களமிறங்கி ஒரே ஒரு தடவை ஜெயித்தவன். அப்புறம் இடது முழங்கால் ஒத்துக்கொள்ளாததால் பார்வையாளர் பக்கம் வந்துவிட்டேன். ஆகவே நான் சொல்வது ஒரு சுமாரான ஆட்டக்காரன், விடாத ரசிகன் என்ற அளவில்தான். பார்த்ததும் பெரும்பாலும் டோக்கியோவைச் சுற்றித்தான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. தொழில்முறை சுமோ வருடத்துக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் 15 நாள்: டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர்; ஒசாகாவில் மார்ச்; நகோயாவில் ஜூலை; ஃபுகுஓகாவில் நவம்பர். டிசம்பரில் இல்லை என்று உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அமெச்சூர்களின் உச்சப் போட்டியான அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப் வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில், ஒரே நாளில், ரியோகோகு கொகுகிகன் அரங்கத்தில் நடக்கும். ஜெயிப்பவருக்கு ‘அமெச்சூர் யோகோசுனா’ என்று பெயர்; யோகோசுனா என்பது தொழில்முறை சுமோவின் உச்சப் பட்டம். தொழில்முறையாளர்கள் மோதும் அதே அரங்கம், மேலே அதே தொங்கும் கூரை, நாலு மூலையிலும் அதே நாலு நிறக் குஞ்சம். 1985-இல் திறந்த இந்த அரங்கத்தில் சுமார் 11,000 பேர் உட்காரலாம். பெரிய சுமோ நாட்களில் டிக்கெட்டுக்கு அடிபிடியாக இருக்கும். இந்த ஒரு நாளில் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகளைப் பார்ப்பீர்கள். முதல் தடவை போனபோது, ஏதோ தப்பான நாளில் வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

விதி இரண்டே வரி. பாதத்தைத் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையில் பட்டாலும் தோல்வி. வட்டத்துக்கு வெளியே எது பட்டாலும் தோல்வி. கபடி பார்த்து வளர்ந்த பையனுக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும். மூடிய முஷ்டியால் குத்தக் கூடாது, முடியைப் பிடிக்கக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது. மற்றபடி தள்ளலாம், இழுக்கலாம், தூக்கலாம், எறியலாம். முடிக்கும் முறைகளுக்கு 82 பெயர்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். நெஞ்சைத் தள்ளி வெளியேற்றுவது ஒஷிதாஷி, இடுப்புப் பட்டையைப் பிடித்து நெருக்கி வெளியேற்றுவது யோரிகிரி. இந்த இரண்டையும் அடையாளம் தெரிந்தால் ஒரு நாளின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

தொழில்முறை சுமோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வேகம். டிவியில் பார்த்திருப்பீர்கள்: உப்பை அள்ளி வீசுவார்கள், முறைப்பார்கள், திரும்பிப் போவார்கள், மறுபடியும் உப்பு. உயர்ந்த பிரிவில் இதற்கே நாலு நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. அமெச்சூரில் உப்பு கிடையாது, தலையில் கொண்டை கிடையாது, பட்டுப் பட்டையும் கிடையாது. கட்டியிருப்பது தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. அதன் பெயர் மவாஷி. நடுவரும் விசிறியோடு பட்டு அங்கி போட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்பு ‘போ டை’ கட்டிய ஒருவர். பார்த்தால் கல்யாண ரிசெப்ஷனில் பரிமாற வந்தவர் போல இருப்பார். இருவரும் வணங்கி, 70 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னால் குந்துவார்கள். இரண்டு கைகளும் தரையில் பட்டதும் நடுவர் ‘ஹக்கேயோய்!’ என்பார், அதுதான் தொடங்கச் சொல்லும் குரல். பல சமயம் ஐந்து விநாடியில் முடிந்துவிடும். அடுத்த ஜோடி ஏற்கெனவே கீழே காத்திருக்கும். பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினீர்களென்றால் ஒரு மோதல் போயிருக்கும். அதற்காக வருத்தப்படவும் நேரம் இருக்காது.

இதனால் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. காலையில் ஆரம்பச் சுற்று. எல்லோரும் மூன்று தடவை மோதுவார்கள். அதில் தேறியவர்கள்தான் பிற்பகல் நாக்-அவுட்டுக்குப் போவார்கள். காலை முழுக்க யார் யாரென்றே தெரியாமல் வெள்ளைப் பட்டை கட்டியவர்கள் வந்து வந்து போவார்கள். ஒலிபெருக்கியில் பெயரும் ஊரும் ஜப்பானிய மொழியில்தான் வரும். முதல் முக்கால் மணி நேரம் பையன் கண் விரிய உட்கார்ந்திருப்பான், அதற்கு மேல் நெளிவான். இது என் அனுபவத்தில் பார்த்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஒரு பக்கம் சேர்ந்துவிடுவது.

என்னை அப்படிச் சேர்த்துவிட்டது ஒரு பாட்டி. இரண்டாவதோ மூன்றாவதோ தடவை போனபோது, எங்கே உட்காரலாம் என்று தெரியாமல் கீழ்த்தளத்தில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் ஜாக்கெட் போட்டிருந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒரு கல்லூரிக் குழுவின் குடும்பங்கள் உட்காரும் இடம் அது. எழுந்துவிடலாம் என்று பையை எடுத்தேன். பக்கத்திலிருந்த பாட்டி என் கையில் ஒரு கமலா ஆரஞ்சை வைத்துவிட்டு, களத்தைக் காட்டி, ‘அதோ, எங்கள் பேரன்’ என்றார். அவ்வளவுதான், நான் அந்தக் குடும்பத்தில் ஒருவன் ஆகிவிட்டேன். பேரன் முதல் மோதலில் நாலு விநாடியில் விழுந்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு ஆரஞ்சை உரித்தார். இரண்டாவதில் ஜெயித்தான். மூன்றாவதில் வட்டத்தின் விளிம்புவரை போய், குதிகாலை வைக்கோல் கயிற்றில் ஊன்றி நின்றுகொண்டு, கிட்டத்தட்ட அரை நிமிடம் நகரவே இல்லை. பாட்டி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் மறுநாளும் வலி இருந்தது. தெரியாதவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்று யாரும் கேட்பதில்லையே, அது மாதிரிதான் இதுவும். நீங்கள் வந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் செய்தது போலத் தெரியாமல் போய் உட்காராதீர்கள். பொதுப் பார்வையாளருக்கு எந்தப் பகுதி என்று வாசலில் கேட்டுவிட்டு, ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர்கள் யாருக்குக் கைதட்டுகிறார்களோ, அவர் உங்கள் ஆள்.

அடுத்தது, எங்கே பார்ப்பது. எல்லோரும் தோளையும் முகத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். களத்துக்கு தோஹ்யோ என்று பெயர். களிமண்ணை இறுக்கி, மேலே மணல் தூவி, 4.55 மீட்டர் விட்டத்தில் வைக்கோல் உருளைகளைப் பதித்திருப்பார்கள். உருளைகள் மொத்தம் 20. அதில் நாலு மட்டும், திசைக்கு ஒன்றாக, ஓர் உருளை அகலம் வெளியே தள்ளிப் பதித்திருக்கும். பின்னால் தள்ளப்படுகிறவன் அந்த நாலில் ஒன்றுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு அரை அடிக்கும் குறைவான கூடுதல் இடம் கிடைக்கும். அந்த அரை அடியில் தோல்வி வெற்றியாக மாறுவதைப் பார்க்கலாம். வட்டத்துக்கு வெளியே ஒரு பட்டையாக மெல்லிய மணலைப் பரப்பி, விளக்குமாற்றால் கோடு தெரியாமல் பெருக்கி வைத்திருப்பார்கள். குதிகால் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அந்த மணல் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஆட்டக்காரன் காலைத் தூக்கி வைக்கவே மாட்டான். தரையோடு இழைத்துக்கொண்டு நகர்வான். எனக்கு நாலு வருடப் பயிற்சியில் சரியாக வராதது அதுதான். பதற்றத்தில் ஒரு கால் தூக்கிவிடும், அந்த நொடியில் எதிராளி நம்மைச் சாக்கு மூட்டை போலத் திருப்பிவிடுவான்.

‘பெரிய உடம்பு இருப்பவன்தானே ஜெயிப்பான்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் ஆமாம். டிசம்பர் போட்டியில் எடைப் பிரிவு கிடையாது. 100 கிலோக்காரர் 160 கிலோக்காரரைச் சந்திக்க நேரும், முடிவும் பெரும்பாலும் நீங்கள் நினைப்பதுதான். ஆனால் அமெச்சூரில் எடை வாரியாகத் தனிப் போட்டிகளும் உண்டு. ஜப்பானியக் கல்லூரி மாணவர்களுக்கு 65 கிலோவுக்குக் கீழ் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதைப் பார்த்தால் சுமோ என்றாலே குண்டர்கள் என்ற எண்ணம் பத்து நிமிடத்தில் போய்விடும். ஒல்லியான பையன்கள், விலா எலும்பு தெரியும், அடி வாங்கிய பூனை போலச் சரேலென்று விலகுவார்கள். என்னைக் கேட்டால், முதல் தடவை பார்ப்பவருக்கு டிசம்பர் தேசியப் போட்டியைவிட அந்த மாதிரிப் போட்டிதான் ருசிக்கும். உங்கள் தேதிக்கு அது கிடைக்காது, அதனால் இருப்பதைச் சொல்கிறேன்.

இங்கே தோற்றால் என்ன போகும் என்பது தெரிந்திருந்தால் பிற்பகல் இன்னும் சூடாக இருக்கும். பணம் இல்லை, ஆனால் வாழ்க்கை இருக்கிறது. தேசிய அளவில் நல்ல இடம் பிடித்தவர்கள் தொழில்முறைக்குப் போனால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை; பல படி தாண்டி நுழையலாம். ஓனோசாதோ இந்தப் போட்டியை 2021-லும் 2022-லும் தொடர்ந்து ஜெயித்தவர். 2023 மே மாதம் தொழில்முறையில் இறங்கினார், 2025 மே மாதப் போட்டி முடிந்ததும் 75-ஆவது யோகோசுனா ஆனார். அவருக்கு முன்னால் கல்லூரி சுமோவிலிருந்து அந்தப் பட்டம் வரை போனவர் வஜிமா ஒருவர்தான், அது 1973-இல். இருவரும் இஷிகாவா மாகாணத்துக்காரர்கள். அந்த ஊர்ப் பக்கம் சுமோ மண்ணிலேயே ஊறியது: கனசாவாவில் ஒரு குன்றின்மேல் திறந்தவெளிக் களத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிப் போட்டி 1915-இல் தொடங்கியது. வெளிநாட்டவருக்கும் இந்தப் பாதை உண்டு. உக்ரைனின் அஓனிஷிகி 2019-இல் சகாய் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் மூன்றாவது இடம் பிடித்தவர். அங்கே பழக்கமான ஒரு ஜப்பானிய மாணவரின் வீட்டில்தான், போர் வந்தபின் 2022-இல் வந்து தங்கினார். 2025 நவம்பரில் தொழில்முறைக் கோப்பையையே தூக்கி, யோகோசுனாவுக்கு ஒரு படி கீழான ஒசேகி ஆகிவிட்டார். அன்று உங்கள் முன்னால் மூன்றாவது விநாடியில் தடுக்கி விழும் இருபது வயதுக்காரனுக்கும் மனதில் இதெல்லாம்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

‘அமெச்சூர்தான் சுத்தமான சுமோ, தொழில்முறை எல்லாம் பேசிவைத்த ஆட்டம்’ என்று ஒரு கட்சி உண்டு. 2011-இல் ஆட்ட மோசடி வெளியே வந்து மார்ச் போட்டியையே ரத்து செய்தார்கள் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. இரண்டும் வேறு வேறு சுவை, அவ்வளவுதான். தொழில்முறையில் சடங்கும் காத்திருப்பும் சேர்ந்துதான் ஆட்டம். இங்கே சடங்கை உரித்துவிட்டு நேராகக் கொட்டையைக் கையில் தருகிறார்கள்.

உங்கள் மனைவி கவனிக்கக்கூடிய ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்று களத்தில் ஆண்கள் மட்டும்தான். தொழில்முறை சுமோவின் மரபில் பெண்கள் தோஹ்யோவில் கால் வைக்கக் கூடாது. 2018-இல் ஜப்பானின் மைசுரு நகரில் தோஹ்யோ மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்தபோது, முதலுதவி செய்ய ஓடிவந்த பெண்களையே ‘இறங்குங்கள்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாடே கொதித்தது, சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், விதி மட்டும் மாறவில்லை. அமெச்சூர் உலகம் இதில் எவ்வளவோ மேல். பெண்களுக்கான தேசியப் போட்டி 1997-இலிருந்து நடக்கிறது, உலகப் போட்டியில் 2001-இலிருந்து பெண்கள் பிரிவு இருக்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் என்னை அதிகத் தடவை மண் கவ்வ வைத்தவர் ஒரு பெண்தான், என்னைவிட இருபது கிலோ குறைவு.

நடந்துகொள்ளும் விதம் பற்றி. ஜெயித்தவர் துள்ளிக் குதிக்க மாட்டார். குந்தியபடி வெற்றி அறிவிப்பைக் கேட்டுவிட்டு எழுந்து போவார். தோற்றவரும் வணங்கிவிட்டுத்தான் இறங்குவார். 2009-இல் யோகோசுனா அசஷோரியூ கோப்பையை ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கியதற்கே பெரிய கண்டனம் வந்தது. பார்வையாளருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தலாம், கைதட்டலாம். இருவரும் குந்தி, கை தரையைத் தொடப் போகும் அந்த ஓரிரு நொடி மட்டும் அரங்கமே அமைதியாகிவிடும், நீங்களும் அமைதியாகிவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்குப் போனால் முகம் தெரிய நெருக்கமாகப் படம் எடுக்காதீர்கள். நான் ஒரு தடவை, தோற்று அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவனைப் படம் எடுத்தேன். அவனுடைய ஆசிரியர் வந்து, மிகவும் மரியாதையாக, அதை அழிக்கச் சொன்னார். இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மற்றவை நடைமுறை. சோபு லைனில் ரியோகோகு நிலையத்தில் இறங்கினால் அரங்கம் கண்ணெதிரே. காலை எட்டரைக்கே போய் உட்கார வேண்டாம். பத்தரை, பதினொன்று வாக்கில் போய் ஆரம்பச் சுற்றின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, பிற்பகல் நாக்-அவுட்டுக்குத் தயாராக இருங்கள். கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சம்மணம் போட வேண்டியிருக்கும். நாலு பேருக்கு என்று வைத்த கட்டத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டு உடம்பு மூன்றுதான் கொள்ளும். முழங்கால் வலி இருந்தால் மாடியில் நாற்காலி இருக்கிறது, அங்கிருந்து கால் நகர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் என்றால், நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளில் உப்பும் புளிப்புமாக ஊமெ (உப்பில் ஊறவைத்த ஜப்பானியப் பழம்) வைத்த சோற்றுருண்டை கிடைக்கும், ஆனாலும் உள்ளே மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஜனவரி, பிப்ரவரி பக்கம் வந்தால் பையனுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று உண்டு: யோகோசுனாவாக இருந்த ஹகுஹோ 2010-இல் தொடங்கிய சிறுவர் போட்டி. அவன் வயதுப் பிள்ளைகளே களத்தில் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். என் மகள் முதல் தடவை பார்த்துவிட்டு வந்து, படுக்கை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சுமோக்காரர்களைப் போல ஒரு காலைத் தூக்கித் தூக்கித் தரையில் இடித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுக்காரர் மணி அடித்த பிறகுதான் நிறுத்தினாள். முடிந்தால் தரைத்தளத்தில் அறை கேளுங்கள்.